திட்டக்குடிக்குத் திரும்பிய வேதப் புத்தகம்

கப்பல் பயிற்சிக் கல்லூரியிலிருந்து முதல் விடுமுறைக்கு விருத்தாசலம் வந்திருந்தேன். என் பெட்டியிலிருந்த வேதப் புத்தகம் அப்பாவின் கண்ணில் பட்டுவிட்டது. பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். எங்கள் பக்கத்து முருகன் கொளஞ்சியப்பரைக் கும்பிட்டு விபூதி பூசாமல் வேலைக்குக் கிளம்பமாட்டார்.

"மதம் மாறிட்டியாடா?"

"இல்லப்பா. என் ரூம்ல இருக்கிற திட்டக்குடி பையனுது. படிக்கத்தான் வாங்கனேன்."

விடுதியில் போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள், பாடப்புத்தகம் தவிர படிக்க வேறெதுவும் கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. காலையில் கிறிஸ்தவ மாணவர்கள் சிலர் கூடி ஜெபிப்பதையும், நானும் போய் உட்காருவதையும் சொல்லவில்லை. கடலை நினைத்தால் வரும் பயம் அங்கே கொஞ்சம் அடங்கியது. அது பக்தியா என்று எனக்கே தெரியாது.

"கெளம்பு. அவங்க வூட்லயே குடுத்துட்டு வந்துடலாம்."

உடனே பஸ் ஏறினோம். திட்டக்குடியில் அப்பா சண்டைக்குப் போகிறவர் மாதிரி இறங்கினார்.

நண்பனின் அம்மா புத்தகத்தைப் பார்த்ததும், விடுமுறைக்கு வந்திருந்த மகன் பக்கம் திரும்பினார். "ஹாஸ்டல்ல தெனமும் படிக்கிறேன்னு சொன்னியே, இது எப்படிடா இவங்க கைக்குப் போச்சு?"

அவன் தலைகுனிந்தான். ஜெபத்துக்கு அவன் ஒருநாளும் வந்ததில்லை.

அந்த அம்மா பக்கங்களைப் புரட்டினார். இயேசுவின் சீடர்கள் போகும் படகு புயலில் சிக்கும் இடத்தில், ஓரமாக, 'காற்று எந்தத் திசை?' என்று பென்சிலால் எழுதியிருந்தது. எழுதியவன் நான். அவர் முகம் மலர்ந்தது.

"படிச்சிருக்கான்! பாருங்கண்ணே, கப்பக்காரன் மாதிரியே கேட்டு வச்சிருக்கான் எம்புள்ள."

பெற்ற மகனின் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. நண்பன் என்னையே பார்த்தான். அப்பா அந்த எழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல புள்ளைங்க," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா கொடுத்த டீயைக் குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார். "அது உன் எழுத்துதானே?"

"ஆமாம்ப்பா."

"அங்க ஜெபமெல்லாம் உண்டா? அவன் போறானா?"

"இல்ல. நான்தான் போறேன்."

கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ, "அந்தப் படகு என்னாச்சு?" என்றார்.

"புயல் அடங்கிடுச்சு. கரைக்கு வந்துட்டாங்க."

அதையாவது நம்புவதா என்று யோசிப்பவர் போல என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கதையா படிக்கிறதுன்னா படி," என்றார்.