லேத்து வீட்டுச் சுவர்

அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லை என்பாள் என் மருமகள். இருக்கட்டும். பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பார்த்ததனால்தான் லேத்துவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கிறது.

லேத்து அவன் பெயர் இல்லை. பட்டறையில் இரும்பு கடைகிற லேத்து மிஷின் ஓட்டுகிறவன் என்பதால் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள், அவனும் திரும்பிப் பார்த்தான், அதுவே நிலைத்துவிட்டது. எனக்கு எதிர்வீடு. மனைவி வெகுநாள் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி. பாப்பா என்போம். சாவு வீட்டுக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அந்தக் கதவு சாத்தியதுதான், திறந்து கிடந்து நான் பார்க்கவில்லை.

எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. உள்ளே என்னதான் நடக்கிறது? அடிப்பிடித்த வாசனை வரவில்லை. பாத்திரம் விழுகிற சத்தம் இல்லை. குழந்தை வேளைக்குப் பள்ளிக்கூடம் போனாள், சட்டையில் பொத்தான் ஒன்றுகூடக் குறையவில்லை. மொட்டை மாடிக் கொடியில் அவன் துணி காயப்போட்டால் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாகத் தொங்கும், ஸ்பேனர் செட்டை அடுக்கி வைத்தது போல. கைக்குட்டை, அப்புறம் பாப்பா சட்டை, பாவாடை, துண்டு, வேட்டி. ஆம்பளை காயப்போட்ட துணியா இது என்று நாங்கள் மூன்று பேரும் கொடிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்ப்போம்.

மூன்று பேர் என்றால் நான், மேல்மாடியில் கண்டக்டர் வீட்டுக்காரி, கீழே மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். எங்களைக் கஞ்சப் பட்டாளம் என்று கட்டடமே கேலி பேசும். பேசட்டும். மார்க்கெட்டுக்கு ஒருத்திதான் போவாள், வெங்காயம் மூட்டையாக வாங்கி வருவாள், மூன்று பேரும் உட்கார்ந்து பிரிப்போம். இஸ்திரிப்பெட்டி என் வீட்டில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை சூடாக்கினால் மூன்று வீட்டுத் துணியும் தேய்த்துத்தான் அது ஆறும். தேய்ந்து போன சோப்புத் துண்டுகளைப் பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டி, அதை வைத்துப் பாத்திரம் கழுவுவோம். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம். யாரும் யாருக்கும் சும்மா செய்யக் கூடாது. வேலைக்கு வேலை, முறைக்கு முறை. அதை யாரும் எழுதி வைத்தது கிடையாது. எனக்கு எழுதத் தெரியாது, மறக்கவும் தெரியாது.

ஒருநாள் இஸ்திரிப்பெட்டி சூடாகாமல் மண்டையைப் போட்டது. லேத்துவின் கதவைத் தட்டினேன். அவன் வாசலிலேயே உட்கார்ந்து, பெட்டியைக் கழற்றி, அறுந்த ஒயரைச் சேர்த்துக் கொடுத்துவிட்டான். உள்ளே கூப்பிடவில்லை. நானா விடுவேன்? அவன் மறந்து வைத்துவிட்டுப் போன திருப்புளியை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்கே போய்விட்டேன்.

போனவள் அப்படியே நின்றேன். சுவர் முழுக்க ஆணி. ஆணிக்கு ஆணி ஒரு சாமான். கரண்டி, வாணலி, வடிகட்டி, டம்ளர், கத்தி, பாப்பாவின் சீப்பு, அவள் பள்ளிக்கூடத்து டை. ஒவ்வொன்றைச் சுற்றியும் சாக்பீஸால் அதே உருவத்தில் கோடு. கரண்டியை எடுத்தால் சுவரில் கரண்டியின் நிழல் மாதிரி வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும்.

"என்னப்பா இது? செத்துக் கிடக்கிறவனைச் சுத்தி போலீஸ்காரங்க கோடு போடுவாங்களே, அந்த மாதிரி இருக்கு?"

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் நின்று என்ன பேசுகிறோம் என்று உறைத்தது. ஆனால் அவன் சிரித்துவிட்டான்.

"பட்டறையில இப்படித்தாம்மா. சாமானை எடுத்தா எடம் காலியா தெரியும். எது எங்கன்னு யாரையும் கேக்க வேண்டாம்."

"வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேரு. யாரைப்பா கேக்கப் போற?"

"அவ இருந்தப்ப எல்லாத்துக்கும் அவளைத்தான் கேப்பேன். உப்பு எங்க, துண்டு எங்க, என் சட்டை எங்கன்னு. இப்ப கேக்க ஆளில்ல. அதான் சுவத்துல போட்டுட்டேன்."

திருப்புளியை நீட்டினேன். அதற்கும் சுவரில் ஓர் இடம் இருந்தது.

அந்த வாரமே அவனைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டோம். பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பா என் வீட்டுக்கு வருவாள், அவன் திரும்பி வரும்வரை இருப்பாள். அவன் துணியும் எங்கள் துணியோடு இஸ்திரியாகும். பதிலுக்கு நான்கு வீட்டுப் போர்வைகளும் படுக்கை விரிப்புகளும் அவன் முறை. நனைந்த போர்வையை முறுக்கிப் பிழிய எங்கள் கையில் தெம்பில்லை. அவன் பிழிந்தால் போர்வை கயிறாகிவிடும். "கொஞ்சம் விட்டுவைப்பா, கிழிஞ்சா நீதான் தைக்கணும்" என்று கண்டக்டர் வீட்டுக்காரி கத்துவாள். ஒரு தடவை கிழிந்தது. தைத்தான். தையல் நூல் பிடித்தது போல நேராக இருந்தது, அவளே விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் வெங்காயம் பிரிக்கிற இடத்துக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"பாப்பாவோட பெரியம்மா போன் பண்ணாங்க. வர்றாங்களாம். பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் வளர்க்கிறேங்கிறாங்க."

"எதுக்காம்?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"பொம்பளை இல்லாத வீட்டுல பொண்ணு வளரக் கூடாதாம். கெட்டவங்க இல்லம்மா. பெரிய வீடு, வசதி இருக்கு, புள்ளைதான் இல்ல. கூடப் பொறந்த தங்கச்சியைப் பறி கொடுத்தவங்க வேற. ஒரேயடியா முடியாதுன்னு சொல்ல வாய் வரல. வந்து வீட்டைப் பாருங்க, அப்புறம் பேசலாம்னேன்."

"பார்த்துட்டுக் கூட்டிட்டுப் போயிட்டா?"

அவன் மூட்டையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தான், தோலைத் தடவினான், திரும்பப் போட்டான். "பாப்பா போயிட்டா அந்த வீட்டுல நான் எதுக்கும்மா அடுப்பு பத்த வைக்கணும்?" என்றான்.

எங்களுக்கு அது போதும். அந்தப் பெரியம்மாக்காரி வருகிற அன்று அவன் பட்டறையிலிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவளைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. அவன் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. மூன்று பேரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினோம்.

"முதல்ல இந்தச் சுவத்தைத் துடைக்கணும் அத்தை. பார்க்கிறவங்க மனுஷனுக்கு மூளை பிசகிப் போச்சும்பாங்க" என்றாள் கண்டக்டர் வீட்டுக்காரி. ஈரத் துணியால் ஒரு கோடு விடாமல் துடைத்தோம். ஆணியில் தொங்கியதெல்லாம் அலமாரிக்குள் போனது. டம்ளர்களை நான் மேல்தட்டில் கவிழ்த்தேன், கரண்டிகளை மருந்துக்கடைக்காரி ஒரு டப்பாவில் நிறுத்தினாள், சீப்பையும் மூக்குக் கண்ணாடியையும் கண்டக்டர் வீட்டுக்காரி எங்கேயோ வைத்தாள். துணி அலமாரியில் நாங்கள் ஆளுக்கு ஒரு தட்டு அடுக்கினோம். முடித்துவிட்டுப் பார்த்தால் அப்படியே காலண்டரில் வருகிற வீடு. எங்களுக்கே அங்கேயே குடியிருக்கலாம் போல இருந்தது.

சாயங்காலம் அவள் வந்தாள். நல்ல உயரம், கையில் பெரிய கைப்பை, செருப்பைக்கூட ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போகிற ரகம். நாங்கள் மூன்று பேரும் நடையில் ஆளுக்கொரு வேலை இருப்பது போல நின்றுகொண்டோம். கதவு திறந்தேதான் இருந்தது.

"குடிக்கத் தண்ணி கொடுங்க தம்பி" என்றாள்.

லேத்து சமையலறைக்குப் போனான், பழக்கத்தில் சுவரைப் பார்த்துக் கையை நீட்டினான். கை அந்தரத்தில் நின்றது. வெறும் சுவர். திரும்பி எங்களைப் பார்த்தான். மேலே, மேலே என்று நான் ஜாடை காட்டினேன். அவன் கூரையைப் பார்த்தான். அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறக்கிற சத்தம். டப்பா உருண்டு கரண்டிகள் எல்லாம் தரையில் கொட்டின.

"பாப்பா, டம்ளர் எங்க?"

"தெரியலப்பா. அப்பா, என் சீப்பு எங்க?"

பெரியம்மாக்காரி எழுந்தாள். சமையலறை வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்தாள். பிறகு முகம் துடைக்கத் துண்டு ஒன்று தேடித் துணி அலமாரியைத் திறந்தாள். அங்கேயும் நின்றுவிட்டாள். ஒரு தட்டில் துண்டுகள் சுருட்டியிருந்தன, ஒரு தட்டில் நாலாக மடித்திருந்தன, மூன்றாவதில் ஓரமெல்லாம் உள்ளே திருகி உறை போட்டது போல இருந்தன.

"ஒரு வீட்டுல மூணு மடிப்பா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். தலையைத் திருப்பினாள், நடையில் நாங்கள் மூன்று பேர். "ஓ" என்றாள்.

அந்த ஓவில் என் காது சுட்டது.

"தம்பி, நான் ஒண்ணும் சண்டை போட வரல. சொந்த வீட்டுல டம்ளர் எங்கன்னு உங்களுக்கே தெரியல. ஊரு சேர்ந்து அடுக்கி வெச்ச வீடு இது. நாளைக்குப் பாப்பா துணிமணியை எடுத்து வைங்க."

லேத்துவைப் பார்த்தேன். மரம் மாதிரி நின்றான். சிலர் கோபம் வந்தால் கத்துவார்கள், சிலர் அழுவார்கள், இவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவன் பேசமாட்டான் என்று தெரிந்ததும் நான் உள்ளே போனேன்.

"டம்ளரை மேல வெச்சது நான். அவன் வெச்சிருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுப்பான்."

"நீங்க யாரும்மா?"

"எதிர்வீடு."

"எதிர்வீட்டுக்கு இதுல என்ன இருக்கு?"

"என் வீட்டு இஸ்திரிப்பெட்டி இவன் கையாலதான் ஓடுது. நாலு வீட்டுப் போர்வை இவன் பிழியறது. எனக்கு இல்லாம யாருக்கு இருக்கு? நல்லது பண்றோம்னு நாங்க மூணு பேரும் அவன் வீட்டைக் கலைச்சுப்புட்டோம். அவன் வீடு எப்படி இருக்கும்னு பார்த்துட்டு அப்புறம் பேசும்மா. பார்க்காம போக நான் விடமாட்டேன்."

"விடமாட்டீங்களா?"

"மாட்டேன். உன் செருப்பு என் வாசல்கிட்டதான் கிடக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா தெரியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். லேத்து சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தான். அலமாரியிலிருந்து வாணலியை எடுத்து ஆணியில் மாட்டினான், சுற்றிக் கோடு போட்டான். அப்புறம் வடிகட்டி. பாப்பா அதில் ஒரு துண்டை உடைத்து வாங்கிக்கொண்டு ஓடிப் போய்க் கீழ்வரிசையில் தன் சாமான்களை மாட்ட ஆரம்பித்தாள். அவள் கோடுகள் கோணல்மாணல்.

நாற்காலி மெல்ல மெல்ல நகர்ந்து சமையலறை வாசலுக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் எட்டிப் பார்க்கிற அந்த வியாதி என்று நினைத்திருந்தேன், அவளுக்கும் இருந்தது.

"இது என்ன சாமான் பாப்பா?" என்று குனிந்து கேட்டாள். கீழ்வரிசையில் இரண்டு முட்டையைச் சேர்த்து வரைந்தது போல ஒரு கோடு.

"அது அப்பாவோட கண்ணாடி பெரியம்மா. அப்பா காலையில பேப்பர் படிக்கத் தேடிக்கிட்டே இருப்பாரு. அதான் நான் இங்க எடம் போட்டுட்டேன். ராத்திரி அவரு தூங்கினதும் நான்தான் எடுத்து மாட்டுவேன்."

"நீயா?"

"அவருக்கு அது ஒண்ணுதான் வைக்கத் தெரியாது."

லேத்து திரும்பவில்லை. கரண்டிக்குப் போட்டுக்கொண்டிருந்த கோடு நின்று நின்று போனது. பெரியம்மாக்காரி அந்த இரண்டு முட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி கிடைக்காமல் கண்டக்டர் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டு தேடினாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது.

மறுநாள் காலையில் சும்மா போவானேன் என்று ஒரு காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல் அந்தச் சின்னச் சமையலறையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கை போகும், சாமான் வரும், கை போகும், சாமான் திரும்பும். பெரியம்மாக்காரி நடுவில் நிற்க இடமில்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்குத் தலை மட்டும் அவள் பின்னினாள். பின்னி முடித்துச் சீப்பை ஜன்னலில் வைத்தாள்.

"அங்க இல்ல பெரியம்மா."

எழுந்து போய் மாட்டினாள். தலைகீழாக மாட்டிவிட்டாள். பாப்பா சிரித்துக்கொண்டே திருப்பி மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

லேத்து அன்று லீவு போட்டிருந்தான். மார்க்கெட்டிலிருந்து மூட்டை வந்திருந்தது, பிரிக்க உட்கார்ந்தோம். பெரியம்மாக்காரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"புள்ளைய விட்டுட்டுப் போறேன் தம்பி" என்றாள். "அவ இங்க வளர்ற புள்ள மட்டும் இல்ல, இந்த வீட்டை நடத்தறவ. அதுல பாதியைப் பிய்ச்சு எடுத்துட்டுப் போக எனக்கு மனசு வரல. ஆனா எனக்கும் ஒரு முறை வேணும். பள்ளிக்கூட லீவு முழுக்க என்கிட்ட அனுப்புங்க."

அதுவரை வாயைத் திறக்காதவன் திறந்தான். "முழுசா முடியாதுக்கா. பாதி."

"முக்கால்."

"பாதிதான்."

"என்னம்மா இது, புள்ளையா வெங்காயமா?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"சும்மா முறை எங்ககிட்ட கிடையாது" என்றேன் நான். "பதிலுக்கு நீ என்ன வேலை செய்வ?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "எங்க வீட்டுல எல்லாத்துக்கும் ஆள் வெச்சிருக்கேன். எனக்கு ஒரு வேலையும் தெரியாதே."

"அழுகினதைத் தனியா எடுக்கத் தெரியுமா?"

கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நல்லதையும் அழுகினதையும் கலந்து போட்டாள், கண்டக்டர் வீட்டுக்காரி மறுபடி பிரித்தாள். பாதியா முக்காலா என்று அவனும் அவளும் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் லேத்துதான் சொன்னான், "நாம பேசி என்னக்கா? அவகிட்ட கேக்கணும்."

"அவ வர்றதுக்குள்ள என் பஸ் போயிடுமே."

"போகட்டும். சாயங்காலமும் பஸ் இருக்கு."

அவள் யோசித்தாள். அப்புறம் சேலையைச் சரி செய்துகொண்டு மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.