பாஸ்போர்ட் டெல்மாவும் மரக்கார்களும்

டெல்மா சில்வேரா என்று பெயர் சொன்னால் அந்தக் கடற்கரையில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'பாஸ்போர்ட்' என்றால் எல்லோரும் கை காட்டுவார்கள். சான் டியேகோவில் ஒரு மருந்துக்கடையின் மூலையில் வெள்ளைத் திரை தொங்கவிட்டு, வாழ்நாளெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுத்தவள் அவள். "நேராப் பாருங்க, சிரிக்காதீங்க, காது தெரியட்டும்" என்று அதட்டி, தேனிலவுக்குப் போகிற ஜோடியைக்கூட உர்ரென்று உட்காரவைத்துவிடுவாள். வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மனிதர்களை விட்டுவிட்டு வுடிகளைப் பிடித்துக்கொண்டாள்.

வுடி என்றால் மரக்கார். முன்பக்கம் இரும்பு, கதவும் பக்கங்களும் பின்புறமும் மரம். வெளிறிய மேப்பிள் சட்டம், அதற்குள் கருஞ்சிவப்பு மஹோகனிப் பலகை. மரம் உளுத்துப்போகிறதென்று ஒரு காலத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட வண்டிகள். அலைச்சறுக்குப் பைத்தியம் பிடித்த பையன்கள்தான் அவற்றை வாங்கி, சறுக்குப் பலகையைக் கூரைமேல் கட்டிக்கொண்டு கரையெல்லாம் சுற்றினார்கள். அந்தப் பையன்களுக்கு இப்போது மூட்டுவலி. செப்டம்பர் பிறந்தால் என்சினிடாஸ் கடற்கரை மேட்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவர் வண்டியை இன்னொருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடுவர் ஒருவர் வந்து மார்க் போட்டு, சிறந்த வண்டிக்குக் கோப்பை கொடுப்பதும் உண்டு.

டெல்மா விடிவதற்குள் வந்துவிடுவாள். கடல்பனி மூடியிருக்கும்; பக்கத்து வண்டிகூடச் சரியாகத் தெரியாது. பிறகு மேட்டுக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறும். மெழுகு தேய்த்த மரம் ஒவ்வொன்றாக நிறம் எடுக்கும். மேப்பிள் தேனாகும். அதன் ரேகைகள் உள்ளிருந்து எழுந்து வருவதுபோலிருக்கும். எத்தனை வருஷம் பார்த்தாலும் அவளுக்கு மயிர்க்கூச்செறியும். நின்றுகொண்டிருந்த மரத்தை அறுத்து, வளைத்து, அதற்குள் குடும்பத்தை உட்காரவைத்து ஊர் சுற்ற மனுஷனுக்குத் தோன்றியதே என்று வாயடைத்து நிற்பாள். கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், எடுக்க மறந்துவிடுவாள்.

அவளுக்கென்று ஒரு வேண்டுதல் இருந்தது. அப்பாவின் வண்டியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அப்பா ஜோவாக்கிம் டூனா மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தவர். சான் டியேகோவின் கடலோரப் பகுதியான பாயிண்ட் லோமாவின் போர்ச்சுகீசியக் குடும்பங்கள் எல்லாம் அந்தக் கடலை நம்பித்தான் இருந்தன. ஒரு வருஷம் மீன் கொட்டியது. அவர் பழைய ஃபோர்ட் வுடி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பரிசுத்த ஆவிப் பெருவிழாவுக்கு அதில்தான் போனார்கள். இனிப்பு ரொட்டிக் கூடைகளை மடியில் அடுக்கிக்கொண்டு, பின்சீட்டில் டெல்மா மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். வளைவுப் பாதையில் அவளுக்குக் குமட்டும். அம்மா எதையாவது கடித்துக்கொள்ளச் சொன்னாள். முன்பல் விழுந்த வாயோடு அவள் ஜன்னல் கட்டையைக் கடித்தாள். "பொண்ணைப் பெத்தேனா, எலியைப் பெத்தேனா?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். கப்பலில் ஓட்டை அடைக்கிற வெள்ளைப் பூச்சைக் கொண்டுவந்து, பல் பதிந்த இரண்டு பள்ளத்தில் அப்பினார். அது காய்ந்து, முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள். அடுத்த வருஷம் மீன் ஏமாற்றியது, வண்டி கைமாறிப் போய்விட்டது.

மிஞ்சியது ஒரே ஒரு படம். வண்டி நேராக நிற்கிறது, முன்னால் குடும்பம் நிற்கிறது, நம்பர் பலகையைச் சரியாக மறைத்துக்கொண்டு அண்ணன் நிற்கிறான். அந்தப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, டெல்மா ஒவ்வொரு வுடியையும் அதே மாதிரி நேராக நின்று எடுப்பாள். வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். எங்கே பொருந்தும்? எல்லோரும் விளக்கை மாற்றி, பம்பருக்குப் புது முலாம் பூசி, எல்லா வண்டியையும் ஒரே முகமாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்ததும் இல்லை. அடுத்தவர் வண்டியைத் தொடுவது அங்கே பெரிய பாவம். ஜன்னலில் மூச்சுக்காற்று பட்டாலே துணியோடு ஓடி வருவார்கள். டெல்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பாள்.

அந்த வருஷம் பனி மழையாகவே சொட்டியது. வரிசையின் கடைசியில் ஹார்லன் வெஸ்ட்பியின் ஃபோர்ட் நின்றது. ஹார்லன் ஓய்வு பெற்ற குழாய் ரிப்பேர்க்காரர், தனிக்கட்டை. டெல்மா வருஷா வருஷம் அவர் வண்டியையும் முகத்துக்கு நேரே நின்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"வா பாஸ்போர்ட். என் வண்டி சிரிக்குதான்னு பார்க்க வந்தியா?"

"உங்க வண்டி பரவால்ல. நீங்கதான் உர்ருன்னு இருக்கீங்க."

"பின்ன? பின்சீட்டுக் கதவு நனைஞ்சு ஊதிப்போய் இறுகிக்கிச்சு. நடுவர் வந்தா நாலு கதவையும் திறந்து காட்டணும். வெளியேர்ந்து இழுத்தா பிடி கையோட வந்துரும்." குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவை எனக்கு மார்க் முக்கியம் டெல்மா. உள்ளே ஒரு கட்டையால வருஷா வருஷம் கோப்பை போயிட்டிருக்கு. புது மேப்பிள் அறுத்து வெச்சுட்டேன், திங்கக்கிழமை அதையும் மாத்திருவேன். நீ சின்ன உருவம்தானே, பின்னாடி வழியா ஏறிப் போய், உள்ளேர்ந்து தோளால ஒரு தள்ளு தள்ளேன்."

"நானா? தொடலாமா?"

"தொடு தாயே. இன்னிக்கு ஒரு நாள் மன்னிப்பு."

ஷூவைக் கழற்றிவிட்டுப் பின்பலகை வழியாக டெல்மா தவழ்ந்தாள். உள்ளே வார்னிஷ் வாசனை. பின்சீட்டுக்கு வந்து, ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தாள். பிடித்த விரல் நுனிகளில் பள்ளம் தட்டுப்பட்டது.

தள்ளுவதை நிறுத்தினாள்.

விரலை நகர்த்தினாள். ஒரு பள்ளம், இன்னொரு பள்ளம், வரிசையாக. நடுவில் முன்பல் விழுந்த இடம் வழவழவென்று இருந்தது. அப்புறம் மறுபடி பள்ளம். இரண்டு பள்ளத்தில் மட்டும் ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. குனிந்து பார்த்தாள். வெள்ளை.

"என்ன ஆச்சு? இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்றார் ஹார்லன் வெளியிலிருந்து.

அவர் பின்பக்கம் வந்து குனிந்து பார்த்தார். டெல்மா கட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதான், அந்தக் கட்டைதான். கோழி அடைச்சு வெச்சிருந்தவன்கிட்ட வாங்கினேன் இந்த வண்டியை. எல்லா மரத்தையும் மாத்தினேன், அதை மட்டும் மனசு வரல. யாரோ ஒரு கொழந்தை கடிச்சிருக்கு பாரு. எந்த முட்டாளோ அதுல படகுப் பூச்சை வேற அப்பி வெச்சிருக்கான்."

"முட்டாள் இல்ல," என்றாள் டெல்மா. "எங்கப்பா."

ஹார்லன் அப்படியே பின்பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவள் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். அதில் அண்ணன் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சின்னப் பெண்ணை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எனக்குக் கொழந்தை குட்டி கிடையாது டெல்மா. தனியா ஓட்டிட்டுப் போறப்ப, பின்னாடி யாரோ உக்காந்து அதைக் கடிச்சிட்டு வர்ற மாதிரியே இருக்கும். அது நீயா? வருஷா வருஷம் எனக்கு முன்னாடி வந்து நின்னு, சிரிக்காதேன்னு சொல்லிட்டுப் போனியே, நீயா?"

"முகத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிட்டேனே," என்று அவள் கட்டையைத் தடவினாள். பெருவிரலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள், நுனிகூட இறங்கவில்லை. "இவ்வளவு சின்ன வாயா எனக்கு?"

உலகத்தில் எத்தனையோ காணாமல் போகிறது. அப்பா போனார், அம்மா போனாள், அந்தத் தெரு போயிற்று. ஏழு வயதுப் பல்வரிசை மட்டும் யாரோ ஒருவருடைய பிடிவாதத்தில் மரத்துக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அவளால் நம்பவே முடியவில்லை. தோளைச் சாய்த்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது.

நடுவர் குடையோடு வந்து சேர்ந்தாள். பழகியவள்தான். கதவுகளைத் திறந்து மூடினாள், உள்ளே தலையை நீட்டினாள்.

"என்ன ஹார்லன், இன்னும் அந்தக் கட்டையை மாத்தலையா? எந்த அணில் கடிச்சதோ, இப்படிக் காப்பாத்திட்டு வர்றீங்க. இந்தத் தடவையும் மார்க்கைக் குறைக்கப் போறேன்."

"நல்லா குறைச்சுக்கோம்மா," என்றார் ஹார்லன். "அடுத்த வருஷமும் வந்து குறை. அந்தக் கட்டை எங்கேயும் போகாது."

அப்போதுதான் நடுவர் பின்சீட்டில் ஆள் இருப்பதைக் கவனித்தாள். டெல்மா நேராக உட்கார்ந்திருந்தாள், மகாராணி மாதிரி. முகமெல்லாம் நனைந்து, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அணில் இல்லம்மா," என்றாள். "எலி."