லலிதா மேடத்திடம் கொடுக்காத ஒரு பக்கம்

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதி போட்டோ எடுத்துப் போடுகிறேன். அறுபத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தவன்...

லலிதா மேடம் போய்விட்டார். நேற்றுக் காலை, ஸ்ரீவராகம் வீட்டில். ஹார்ட் அட்டாக்.

மேடம் காலேஜில் கம்ப்யூட்டர் டீச்சர். நான் அங்கே வாட்ச்மேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

நாலு கட்டிடத்துக் கம்ப்யூட்டர்களையும் சேர்த்து ஒரே பெரிய கணக்கைப் போட வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரக் குறிப்பு. எங்கே இருக்கிறது, மெமரி எவ்வளவு, இப்போது ஃப்ரீயா, பிஸியா... அதை ஒரு மெஷின் படித்துப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும்.

ஆரம்பத்தில் ஃப்ரீயா பிஸியா என்பதை மட்டும் என்னிடம் போனில் கேட்டு எழுதுவார்.

"அண்ணாச்சி, மூணாம் ரூம் மெஷின் ஒழிஞ்சிருக்கா, பாருங்கோ."

எங்கள் ஊரில் ஒழிஞ்சது என்றால் நாசமாய்ப் போனது. "ஐயோ, இல்ல மேடம்! நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

இங்கே மலையாளத்தில் ஒழிவு என்றால் காலி என்று அர்த்தமாம். எனக்கு எப்படித் தெரியும்... மேடம் பிஸி என்று எழுதிவிட்டார். ஒரு வாரம் அந்த மெஷினுக்கு ஒரு வேலையும் வரவில்லை.

"அதுக்கு லீவு வாங்கிக் குடுத்துட்டேளே அண்ணாச்சி!" சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர்.

அப்புறம் ரூம் வாசலில் ஒரு பேப்பர் ஒட்டி, டிக் போடச் சொன்னார். எல்லாக் கட்டத்திலும் போட்டு வைத்தேன். பார்த்தார். மறுநாள் அங்கே பச்சை அட்டை ஒன்று, சிவப்பு அட்டை ஒன்று. எனக்குப் படிக்கத் தெரியாது என்று மேடம் யாரிடமும் சொல்லவில்லை.

போன வருஷம் முதியோர் வகுப்பில் சேர்ந்ததும் முதல் போன் அவருக்குத்தான்.

"மெஷினுக்கே குறிப்பு இருக்கு. உங்களைப் பத்தியும் ஒரு பக்கம் எழுதிக் கொண்டாங்கோ, நான் படிக்கணும்."

எழுதினேன். பெயர், ஊர், என்னென்ன தெரியும் எல்லாம். எழுத்து கைக்கு வந்து இந்த மாதம்தான் உட்கார்ந்தேன், ஒரு பக்கத்துக்கு எட்டு நாள்! முடித்துவிட்டு என் பெயரை நானே வாசித்துப் பார்த்து சந்தோஷமாகச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு போவதாக இருந்தேன்.

இன்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனேன். மேடத்தின் மகள், "என்ன அங்கிள், என்தெங்கிலும், ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மோளே."

திரும்பக் கொண்டு வந்துவிட்டேன்.

போய் வாங்க மேடம். நான்தான் கொஞ்சம் வேகமாக எழுதியிருக்கணும்...