தாமரை இல்லாத தட்டு

‘டொக்.’

முன்னறையிலிருந்து வந்த சத்தத்தில் வான்ருங்கின் கை நின்றது. முழுப் பீங்கான் மணி போல ஒலிக்கும். உடைந்து, செம்புக் கம்பியால் தையல் போட்டதுதான் இப்படி இருமும். அது எந்தத் தட்டின் குரல் என்று அவளுக்குத் தெரியும்.

பீங்கானில் துளைபோடும் கருவியை வைத்துவிட்டு விரைந்தாள். தட்டருகே நின்றிருந்தான் பெங்நியன், இறந்துபோன கணவனின் தம்பி. இருபது வருடத்தில் இன்றுதான் இந்தப் படி ஏறியிருக்கிறான்.

"கதவு திறந்திருந்துச்சு, அண்ணி."

"அதனால நேரா அலமாரிக்கே போயிட்டியாக்கும்?"

அவன் நெளிந்தான். "நாளன்னிக்கு அம்மாவுக்கு எண்பது. ஆயுசுக்கு வைக்கிற பீச் பழத்தை அந்தத் தட்டுலதான் வைக்கணும்னு ஒரே பிடிவாதம். குடுங்க அண்ணி. தையலைச் சாயம் பூசி மறைச்சுக்கறோம்."

சீனக் கதைகளின் எட்டுச் சிரஞ்சீவிகள் அலைமேல் கடல் கடக்கும் ஓவியம் தீட்டிய பழந்தட்டு அது. நான்கு தலைமுறைப் பிறந்தநாள்களைப் பார்த்தது. மாமியாரின் அறுபதாவது பிறந்தநாள் காலையில் சுக்குநூறாகக் கிடந்தது. "புருஷனை முழுங்கினவ, தட்டையும் முழுங்கிட்டா!" என்று துண்டுகளோடு அவளை வெளியே தள்ளினாள் மாமியார். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பீங்கான் நகரமான ஜிங்தேஜென்னில் ஒரு பெண்ணுக்குப் பீங்கான் தைக்கக் கற்றுத்தர எவனும் முன்வரவில்லை. தெருவோரம் பீங்கான் தைப்பவர்களை நின்று பார்த்தே கற்றாள். விரல்நுனி மரத்துப்போன பிறகு முதலில் தைத்தது இந்தத் தட்டைத்தான். ஒரு சில்லு மட்டும் இல்லை: எண்மரில் ஒரே பெண்ணான ஹே ஷியான்குவின் கைத்தாமரை. அந்த ஓட்டையை அவள் அடைக்கவேயில்லை.

"தரேன். தாமரை எங்கே?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"சில்லுக்குக் காலா முளைச்சிருக்கு? தரையில முட்டிபோட்டு ஒண்ணுவிடாமப் பொறுக்கினவ நான். எனக்கு முன்னாடியே ஒருத்தன் பொறுக்கியிருக்கான்."

அவன் முகம் வெளுத்தது. மெல்ல அங்கிக்குள் கைவிட்டு, ஒரு துணிமுடிச்சை எடுத்தான்.

"குடிச்சிருந்தேன், அண்ணி. பயந்துட்டேன். தூக்கிப் போடவும் மனசு வரல."

முடிச்சை அவிழ்த்து, சில்லைத் தட்டின் ஓட்டையில் பொருத்தினாள். மயிரிழை இடைவெளி இல்லை. கண்ணீர் பொலபொலவென்று அலைகளின் மேல் உதிர்ந்தது. அதற்கென்று வளைத்த இரண்டு செம்புத் தையல்கள் எத்தனையோ வருடமாக டப்பாவில் காத்திருந்தன. ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சில்லை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"தைக்கலையா?"

"தைப்பேன். முதல்ல இதை உங்கம்மா கையில வை. சொந்தக்காரங்க எல்லாம் வந்து இறங்கியிருப்பாங்கல்ல? அவங்க முன்னால, யார் உடைச்சதுன்னு உன் வாயால சொல்லு. சொல்லிட்டுக் கொண்டா. தைச்சு, நானே தூக்கிட்டு முன்வாசல் வழியா வரேன். சாயம் கிடையாது. ஒவ்வொரு தையலும் தெரியணும்."

"எண்பது வயசு, அண்ணி. தாங்குவாங்களா?"

"இருபத்தாறுல நான் தாங்கலையா?"

மூடிய கையை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கினான். வான்ருங் கதவைச் சாத்தினாள்.