தைத்தது எங்கே என்று கேட்ட கலாமணி அக்கா

நம் பனியன் கம்பெனி செக்கிங் பிரிவு வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. கலாமணி அக்கா மாரடைப்பில் இறந்துவிட்டாராம். படம் பழையது. யாரோ அனுப்பியதை யாரோ அனுப்பியிருந்தார்கள். அக்காவின் எண்ணுக்கே அழைத்தேன். அவர் கணவர் எடுத்தார்.

“நெசந்தானுங்க கண்ணு.”

நம்பாமல் அழைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “அட, அவளா இருந்தாலும் இப்படித்தான் போன் போட்டுக் கேட்டிருப்பா” என்றவர், அழ ஆரம்பித்தார்.

உங்களுக்கெல்லாம் தெரியும், அக்கா எதையும் லேசில் நம்பமாட்டார். பி.காம். படித்துவிட்டு செக்கிங் இன்சார்ஜாக வந்தவர். மேசைக்கு வரும் பனியனை முதலில் உள்பக்கம் திருப்புவார். “முன்பக்கம் பாக்கறவன் வாங்கறவன். உள்பக்கம் பாக்கறவதான் செக்கர்” என்பார். நான் டிபன் பாக்ஸில் கொண்டுபோகும் பணியாரத்தைக்கூடப் பிட்டுப் பார்த்துத்தான் வாயில் போடுவார். “என்னையுமா அக்கா சந்தேகப்படறீங்க?” என்றால், “உன்னைய இல்ல கண்ணு, உன்ற அவசரத்தை” என்பார்.

அந்த அவசரம் போன வருஷம் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது. நெருப்பெரிச்சல் ஊருக்குள் நாங்கள் இருக்கும் லைன் வீட்டில், பக்கத்து வீடு சுனிதாவுடையது. பீகார்க்காரி. நான் வேலைக்குப் போனால் என் மகள் நிலா அவளிடம்தான் இருப்பாள். அப்போது ஒரு வீடியோ வந்தது. வடநாட்டுப் பெண் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். போட்டது நம் ஊர்ப் பெயரும் கோயில் கோபுரப் படமும் வைத்த ஓர் இணையப் பக்கம். பார்த்ததும், உண்மையா என்று யோசிக்காமல் நிலாவைச் சுனிதாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன். மற்றவர்களும் அப்படியே பயந்தார்கள். வீட்டுக்காரர் பழனிச்சாமி அண்ணன் சுனிதாவை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அக்காவை அழைத்து அழுதேன். “நீ அழுதா அது நெசமாயிருமா?” என்று திட்டிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே என் போனை வாங்கி அந்தப் பக்கத்தின் விவரத்தைத் திறந்தார். அதை நடத்துகிறவர்கள் எல்லாரும் வேறொரு நாட்டில் என்று இருந்தது. பக்கத்தின் பழைய பெயர் நமக்குப் படிக்கவே தெரியாத எழுத்தில் இருந்தது. கீழே போகப் போக, அந்த நாட்டு அரசு நடத்தும் டிவியின் செய்திகள். அதற்கும் கீழே, பழைய பெயரில் இருந்தபோதே போட்ட இதே வீடியோ, வேறு ஊர்ப் பெயரோடு.

பழனிச்சாமி அண்ணன் சொந்தமாகப் பனியன் தைத்துக் கொடுப்பவர். அக்கா அவரிடம் திரும்பினார்.

“ஏனுங்ணா, நீங்க தெக்கற பனியன்ல யாரு பேருங்க?”

“வெளிநாட்டுக் கம்பெனி பேருங்க.”

“பேரு அங்கத்தது, தெச்சது நெருப்பெரிச்சல்ல. இதுல பேரு நம்முளுது. தெச்சது எங்கீங்க? தெனமும் அடுத்தவன் லேபிளை வெச்சுத் தெக்கற நாமளே லேபிளைப் பாத்து ஏமாந்தா எப்படீங்க?”

அண்ணன் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “அதுக்கு அவனுக்கு என்னங்க லாபம்?”

“அது எனக்குந் தெரீலீங்க. நாம அடிச்சுக்கறதுல யாருக்கோ லாபம் இருக்குதுங்க. இல்லீனா எதுக்கு இத்தனை மெனக்கெடறான்?”

சுனிதா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வீட்டுப் பாத்திரங்களில் பாதி ஏற்கெனவே மூட்டையில் இருந்தன. “இருந்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

நேற்று குழுவில் அக்காவுக்கு ஓர் அஞ்சலிப் படம் வந்தது. அடியில், ‘எல்லோரையும் நம்பு, வாழ்க்கை இனிக்கும்’ என்று அவர் சொன்னதாக ஒரு வரி. “அக்கா இப்படிச் சொல்லவே மாட்டாங்க. எங்கிருந்து எடுத்தீங்க?” என்று கேட்டிருக்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ‘தெச்சது எங்கே’ என்ற அந்தக் கேள்விதான். காலையில் சுனிதா நிலாவை வாங்கக் கை நீட்டும்போது இப்போதும் ஒரு நொடி பயம் வருகிறது. அந்தப் பயத்தைத் தைத்தது எங்கே என்று என்னையே கேட்டுக்கொண்டு நிலாவை அவளிடம் கொடுக்கிறேன்.