நிற்காமல் கேட்ட கேள்வி

வேதியியல் துறையில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் நாற்பத்திரண்டு சாவிகள். அவற்றில் பதினொன்று எந்தப் பூட்டுக்கு என்று பூட்டுக்கே தெரியாது. காலையில் ஆய்வகத்தைத் திறப்பது, கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பது, அமிலப் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டுவது, மாணவர்கள் உடைத்ததை "வாங்கும்போதே விரிசல் சார்" என்று சாதிப்பது, இதுதான் இருபத்திரண்டு வருட உத்தியோகம்.

ஆணை இல்லாமல் அவரே ஏற்றுக்கொண்ட உத்தியோகம் இன்னொன்று உண்டு. எதிரே வருகிறவரை மறித்து விசாரிப்பது. "சாப்டியா? ஏன் இளைச்சிட்டே? அக்காவுக்கு வரன் அமைஞ்சுதா?" முழுப் பதில் வாங்காமல் ஆளை விடமாட்டார். அவசரக்காரர்கள் பின்பக்கப் படி வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போவார்கள்.

அந்த வருடம் மேற்கு நாடு ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியை ஓராண்டு பாடம் நடத்த வந்தார். ஐம்பது வயது, தோளில் துணிப்பை, புத்தகத்தில் படித்த தமிழ். முதல் நாள் காலை தாழ்வாரத்தில், "எப்படி இருக்கிறீர்கள்?" என்றார்.

கேட்கத் தெரிந்த மனுஷி என்று சாவிக்கொத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அதையேன் கேக்கறீங்க மேடம், இடது முட்டி ரெண்டு மாசமா..." என்று ஆரம்பித்தார். முட்டியைத் தடவிக்கொண்டே மாத்திரை, எண்ணெய், மைத்துனர் சொன்ன பச்சிலை வரைக்கும் போய் நிமிர்ந்து பார்த்தால், எதிரே சுவர்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பேராசிரியை தாழ்வாரத்தின் கோடியில் திரும்பிக்கொண்டிருந்தார்.

மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அண்ணே, அவங்க ஊர்ல அது கேள்வியே இல்ல. வணக்கம் மாதிரி. நல்லா இருக்கேன்னுட்டு நடையக் கட்டணும்."

"அப்ப முட்டிய யார்கிட்டடா சொல்றது?"

"முட்டிகிட்டயே சொல்லுங்க!"

மூக்கறுபட்டவர் சும்மா இருப்பாரா? ஒரே வாரத்தில் வித்தையைக் கற்றுக்கொண்டார். யாரைக் கண்டாலும் "எப்படி இருக்கீங்க?" என்பார். நடை நிற்காது. பதில் பாதி வரும்போதே "ரொம்ப நல்லது!" என்று கடந்துவிடுவார். பெரிய படிப்புப் படித்த நாட்டு நாகரிகம் தன் இடுப்பில் நாற்பத்து மூன்றாவது சாவியாகத் தொங்குவதாக ஒரு மிதப்பு.

அப்படியே ஆறு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை, குடுவைத் தட்டோடு வந்தவர், ஜன்னலோரம் தனியாக நின்ற பேராசிரியையைப் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க மேடம்?"

"என் அப்பா நேற்று இறந்துவிட்டார்" என்றார் அவர், செய்தி வாசிப்பதுபோல.

"ரொம்ப நல்லது!"

சொல்லிவிட்டு நான்கு எட்டு நடந்த பிறகுதான் காதில் விழுந்தது மண்டையில் ஏறியது. தட்டில் குடுவைகள் கிணுகிணுத்தன. வாசலில் நின்ற மாணவர்களும் கேட்டிருந்தார்கள். முட்டிக்கு அப்படிச் சிரித்த கூட்டம், இதற்கு ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

திரும்பியிருக்கலாம். நான்கு எட்டுதான். ஆனால் சாவிக்கொத்து திரும்பவில்லை. காதில் விழாதவர்போல நேரே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரே குடுவையை ஏழு தடவை கழுவினார்.

வீட்டில் மனைவி தையல் மிஷினில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மிதிக்கிற கால் நின்றது.

"ஊர்ல இருக்கறவன் பூனை குட்டி போட்டாக்கூட நின்னு விசாரிப்பியே. செத்த சேதிக்கு நிக்க உனக்கு முட்டி வலிச்சுதா?"

"வாய் தவறிடுச்சு புள்ள."

"வாய் தவறினது ஒரு நொடி. அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் கால் எங்க போச்சு?"

பேராசிரியைக்கு நாளை மதியம் விமானம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். காலையில் விடைத்தாள்களை ஒப்படைக்க வருவார். அதை விட்டால், திரும்பி வருவாரோ மாட்டாரோ, அந்த 'ரொம்ப நல்லது' அப்படியே நின்றுவிடும்.

மறுநாள் ஒன்பதரைக்கே பேராசிரியையின் அறை வாசலில் போய் நின்றார். பேராசிரியை பையோடு வந்தார்.

"எப்படி இருக்கீங்க மேடம்?" என்று கேட்டு, இந்தத் தடவை நின்றார்.

"நலமாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் நிற்காமல் உள்ளே போனார்.

சாவிக்கொத்துக்குச் செருப்படி பட்டதுபோல இருந்தது. ஆனாலும் பின்னாலேயே போனார்.

"மேடம், நேத்து நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் போயிட்டேன். கேக்கலன்னு பொய் சொல்லலாம்னுதான் ராத்திரி பூரா நெனச்சேன். வாய் வரல."

பேராசிரியை விடைத்தாள் கட்டை மேசையில் வைத்தார். அதைக் கட்டியிருந்த நூலின் முடிச்சை இறுக்கினார்.

"முதல் நாள் உங்கள் முட்டியைப் பற்றி நீங்கள் சொன்னபோது நான் போய்விட்டேன். பிறகு மாணவர்கள் சொன்னார்கள். வெட்கமாக இருந்தது. இங்கே ஒருவர் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். நேற்று உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்."

அவர் கோபித்திருந்தால் சாவிக்கொத்து தாங்கியிருப்பார். இதற்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தரையைப் பார்த்தபடியே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முட்டி இப்போது எப்படி இருக்கிறது?"

"முட்டி கெடக்குது மேடம். அப்பா என்ன வேலை பாத்தாரு?"

"பேருந்து ஓட்டினார்" என்றார். பிறகு தாமும் உட்கார்ந்து, மெதுவாக, சொற்களைத் தேடித் தேடிச் சொல்ல ஆரம்பித்தார்.

பத்து மணிக்கு வெளியே சத்தம். "அண்ணே! சாவி! வகுப்பு ஆரம்பிச்சாச்சு!" இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. சாவிக்கொத்து எழுந்திருக்கவில்லை. இடுப்பிலிருந்த கொத்து குலுங்கிச் சத்தம் போட்டுவிடக் கூடாதென்று அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.