நோய்ப் பாத்தி

பருத்திக்கு வரும் வாடல் நோய் மனிதனையும் தொற்றும் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே இருந்த பருத்திச் சோதனைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். நோயைத் தாங்கும் ரகம் வேண்டுமென்றால் முதலில் நோயை வளர்க்க வேண்டும். அதற்காக, வாடிச் செத்த செடிகளை நறுக்கி ஒரு பாத்தி மண்ணில் கலந்திருந்தார்கள். அதில் விதைத்த ரகங்களில் எது சாகிறது, எது நிற்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை.

ஒரு செடி மஞ்சளானால் அன்றைக்குக் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துக்கொள்வேன். முழங்கால் வலித்தால் வேர் அழுகுகிறது என்று நினைப்பேன். பாத்தியை விட்டு வந்ததும் ஓடிப்போய் வாய்க்காலில் இறங்கி, காலில் ஒட்டிய மண் போகும்வரை தேங்காய் நாரால் தேய்ப்பேன்.

அந்தத் தண்ணீர் பக்கத்து நிலத்துக்குப் போனது. கூலி வேலையை விட்டு, அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, முதல்முறையாகப் பருத்தி போட்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

“இன்னா சாரே, சீக்கு செடிக்கா, ஒங்களுக்கா? இப்டி தேச்சிக்கினு இருந்தா வூட்டுக்குப் போறப்போ காலு மிஞ்சாது.”

“காலு போனா போவட்டும்மா, உசுரு கீதே!”

காய் பிடிக்கும் சமயத்தில் அவள் நிலத்தில், வாய்க்காலை ஒட்டிய செடிகள் முதலில் தலை தொங்கின. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தண்டைப் பிளந்தேன்; எங்கள் பாத்தியில் செத்த செடிகளைப் போலவே உள்ளே கறுத்திருந்தது. இந்த நோய் மண்ணோடு பரவும் என்று பண்ணை அதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தார். உயிர்ப் பயத்தில் நான்தான் காதில் வாங்கவில்லை.

“இன்னா சாரே இது?”

“வெயிலும்மா” என்றேன்.

பஞ்சு வெடிக்கும் முன்பே அவள் நிலம் முழுக்கச் செத்தது. நிலக்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றினார். அவளும் புருஷனும் கல் உடைக்கப் போய்விட்டார்கள்.